எமல்ஷன் பெயின்டைத் தெளித்து வழவழப்பாக்குவது

தெளிப்பானிலிருந்து கிளம்பும் பெயின்ட் கதவின்மேல் விழும் கணத்தில் இன்னும் ஒரு படலமாகியிருக்காது. எண்ண முடியாத நுண்துளிகளின் குவியலாகவே கிடக்கும். அந்தத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து, மேடு இறங்கி, பள்ளம் நிரம்பினால்தான் வழவழப்பு. அதற்குக் கிடைக்கும் நேரம் நீர் சேர்ந்த பெயின்டில் சில நிமிடங்களே. அதன்பின் நீர் போய்விடும். துளி விழுந்த வடிவம் அப்படியே நிலைத்துவிடும். கருவியின் விலை, பெயின்டின் தரம், கையின் பழக்கம், அன்றைய வெயில் எல்லாமே இந்தச் சில நிமிடங்களை நீட்டியோ சுருக்கியோதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. வீட்டில் தெளித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதும் பெயின்டின் தோல் கரடாகவே வருவதும் இதைக் கணக்கில் கொள்ளாததால் நேர்வது.

அமெரிக்காவில் லேடெக்ஸ் என்ற பெயரிலும் இந்தியாவில் எமல்ஷன் என்ற பெயரிலும் விற்பது ஏறக்குறைய ஒரே வகைப் பொருள். பெயர் லேடெக்ஸ் என்றாலும் ரப்பர் மரத்தின் பால் இதில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்த செயற்கை ரப்பர் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த ஸ்டைரீன்-பியூட்டடையீன் பிசினைக் கொண்டு 1948இல் கிளிடன் நிறுவனம் ‘ஸ்ப்ரெட் சாட்டின்’ என்ற சுவர்ப் பெயின்டை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1953இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் பெயின்டுக்கான அக்ரிலிக் பிசினை அறிமுகப்படுத்தியது. இன்று சமையலறை அலமாரிக் கதவு, அறைக் கதவு, சன்னல் சட்டம் ஆகியவற்றை அமெரிக்க வீடுகளில் தாமே தெளித்துக்கொள்பவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் இந்த அக்ரிலிக் வழிவந்தவற்றைத்தான். தமிழ்நாட்டு வீடுகளில் சுவருக்கு எமல்ஷன், மரத்துக்கும் கிரில்லுக்கும் எனாமல் என்ற பிரிவினை இன்னும் பெருமளவில் நிற்கிறது. மரவேலைக்கும் நீர்ப் பெயின்ட் வரத் தொடங்கியிருப்பதால் சமப்பட நேரம் போதாத சிக்கலும் சேர்ந்தே வருகிறது.

நீர் போகும் விதம்

எனாமலில் பிசின் கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியாக ஆகப் பெயின்ட் படிப்படியாகக் கெட்டிப்படும். எமல்ஷனில் பிசின் கரைவதில்லை, 0.1 முதல் 0.5 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. நீர் குறையக் குறைய உருண்டைகள் நெருங்கி வருகின்றன. ஓரளவு வரை பெயின்டின் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கனஅளவில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டை உருண்டைகளும் நிறமித் துகள்களும் பிடித்துக்கொண்டதும் ஒன்றையொன்று முட்டி அசைய இடமில்லாமல் போய், பாகுத்தன்மை திடீரென எகிறுகிறது. பெயின்ட் ஈரமாகவே தெரிந்தாலும் சமப்படும் வேலை அந்த இடத்தோடு நின்றுவிடும். பிறகு உருண்டைகள் நசுங்கி ஒன்றிக் கலந்து படலமாகின்றன. இந்தக் கலப்பு நடக்க ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை வேண்டும். அதைத் தாழ்த்துவதற்காகவே மெதுவாக ஆவியாகும் இணைப்புக் கரைப்பான் சிறிதளவு பெயின்டில் சேர்க்கப்படுகிறது. குளிர்ந்த கதவில் அடித்த எமல்ஷன் உதிர்ந்துபோவதற்கு இந்தக் கலப்பு நடக்காமற் போவதே காரணம்.

எனாமலைப்போலக் கரைப்பானில் கரைந்த லாக்கர் அடிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. வெயில் நாளுக்கு மெதுவாக உலரும் தின்னர், குளிர் நாளுக்கு வேகமாக உலரும் தின்னர் என்று தேர்ந்துகொள்ளலாம். வேகமான தண்ணீர், மெதுவான தண்ணீர் என்று எந்தக் கடையிலும் கிடையாது. போதாததற்கு நீர் காற்றின் ஈரப்பதத்துக்கும் கட்டுப்பட்டது. வறண்ட காற்றில் விரைந்தும் புழுக்கத்தில் தயங்கியும் போகும். தின்னருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு கிலோ நீர் அறை வெப்பத்தில் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். டொலுயினுக்கு அதில் ஆறில் ஒரு பங்கு போதும். அந்த வெப்பம் காற்றிலிருந்தும் பரப்பிலிருந்தும்தான் வரவேண்டும். எனவே பரப்பின் சூடும் காற்றின் அசைவும் எமல்ஷனைப் பாதிக்கும் அளவுக்கு லாக்கரைப் பாதிப்பதில்லை. லாக்கர் கற்றவர்கள் எமல்ஷனில் தடுமாறுவது இங்கேதான்.

சமப்படுதலும் ஒழுகுதலும்

ஈரப் படலத்தின் மேடுபள்ளங்கள் எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதற்கு எஸ்.ஈ. ஆர்ச்சர்ட் 1962இல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். பெயின்டுத் துறையில் இன்றும் அடிப்படையாக இருப்பது அதுவே. அதன் சாரம் எளியது. பெயின்ட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தாமதம். பரப்பு இழுவிசை கூடினால் விரைவு. படலத்தின் தடிமன் மும்மடிப் பெருக்கமாகவும் மேடுகளுக்கிடையிலான தூரம் நான்மடிப் பெருக்கமாகவும் கணக்கில் வருகின்றன. படலம் கால் பங்கு தடித்தால் சமப்படும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மேடுகளுக்கிடையிலான தூரம் பாதியானால் தேவைப்படும் நேரம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பெரிய துளிகள் எழுப்பும் அகன்ற அலைகள் கடைசிவரை அடங்காமல் நின்றுவிடுவதும், நுண்துளிகளின் நெருக்கமான அலைகள் கண்ணெதிரே மறைவதும் இந்த நான்மடிக் கணக்கினால்தான்.

படலத்தைத் தடிப்பாக்கினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் நிற்கும் கதவில் பெயின்ட் கீழ்நோக்கி வழியும் அளவும் தடிமனின் மும்மடியையே பின்பற்றுகிறது. கெட்டித்தன்மைக்கு எதிர்விகிதமாக இருப்பதிலும் மாற்றமில்லை. தடிமனிலும் கெட்டித்தன்மையிலும் சமப்படுவதற்கு உதவும் எந்த மாற்றமும் அதே அளவுக்கு ஒழுகுவதற்கும் உதவுகிறது. கூட ஊற்றினாலும் நீர் விட்டு இளக்கினாலும் இரண்டும் சேர்ந்தே வளரும். இந்த முடிச்சிலிருந்து தப்பிக்க இரண்டே வழிகள். ஒன்று, துளியைச் சிறிதாக்கி அலையின் நீளத்தைக் குறைப்பது. மற்றது, கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் புவியீர்ப்பை ஆட்டத்திலிருந்து விலக்குவது. அலமாரிக் கதவுகளைக் கீல் கழற்றிக் கிடைமட்டமாக வைத்து அடிப்பவர்களுக்குக் கிடைக்கும் வழவழப்பு, அதே கருவியால் நிற்கும் கதவில் கிடைப்பதில்லை. வீட்டில் செய்பவருக்குப் புதுக் கருவியைவிட இந்த இரண்டாவது வழிதான் மலிவானது, உறுதியானதும்கூட.

துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்கும் ஓர் எல்லை உண்டு. துளி சிறுத்தால் அதன் கனஅளவுக்கு ஒப்பாகப் பரப்பு கூடும். காற்றில் பறக்கும்போதே நீரை இழக்கும். பாதி காய்ந்து விழும் துளி சமப்படாது, கைக்கு உப்புத்தாள்போல் நெருடும். வறண்ட நாளில் தூரத்திலிருந்து மிக மெல்லியதாகத் தெளித்தால் நேர்வது இதுதான்.

பெயின்டுக்குள் என்ன கெட்டிப்பான் இருக்கிறது என்பதும் முக்கியம், டப்பாவில் அது எழுதியிருப்பதில்லை என்றாலும். மலிவான சுவர் எமல்ஷன்களில் சேர்க்கப்படும் செல்லுலோஸ் வகைக் கெட்டிப்பான், துளி விழுந்தவுடனேயே பழைய கெட்டித்தன்மைக்குத் திரும்பிவிடும். யூரித்தேன் வழிவந்த நவீன கெட்டிப்பான்கள் சற்று நின்று நிதானமாகத் திரும்புவதால் படலம் பரவ இடம் கிடைக்கிறது. சுவருக்கான மட்டமான எமல்ஷனை எவ்வளவு நல்ல கருவியில் அடித்தாலும் அலமாரிக்குரிய தோல் வராததற்கு இது ஒரு காரணம். கதவு, சட்டம், அலமாரி என்று குறிப்பிட்டு விற்கப்படும் அக்ரிலிக் எனாமல், யூரித்தேன் கலந்த அக்ரிலிக், நீரில் கலக்கும் ஆல்கிட் ஆகியவை சமப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இவற்றில் நீர் ஆல்கிட் மிக நன்றாகப் பரவும்; விலையாக, அடுத்த கோட்டுக்கு நெடுநேரம் காத்திருக்க வைக்கும்.

கருவிகள்

பெயின்டைத் தெளிக்கும் எண்ணம் சுண்ணாம்படிப்பதில் தொடங்கியது. சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு மொத்த விற்பனைக் கட்டடத்தின் பராமரிப்பாளராக இருந்த ஜோசப் பிங்க்ஸ் 1887இல் அடித்தளச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கக் கைப்பம்பு ஒன்றை உருவாக்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் வெண்ணிறக் கட்டடங்களுக்குத் தெளிப்பு முறை பெரிய அளவில் பயன்பட்டது. ஒஹையோ மாநிலம் டொலீடோவில் தொண்டைக்கு மருந்து தெளிக்கும் கருவி செய்துகொண்டிருந்த டிவில்பிஸ் குடும்பத்தில் மகன் தாமஸ், அதே தத்துவத்தை 1907இல் பெயின்ட் தெளிக்கும் கன்னுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கன் கார்த் தொழிற்சாலை லாக்கருக்கு ஏற்றதாக வளர்ந்தது. வீட்டு எமல்ஷன் அதற்குப் பிற்காலத்து விருந்தாளி. கருவியில் வரும் பல தொல்லைகளும் இதனால்தான்.

இன்று வீட்டுக்கு வாங்கக்கூடியவை இரண்டு குடும்பங்கள். முதலாவது எச்.வி.எல்.பி. எனப்படும் அதிகக் காற்று, குறைந்த அழுத்த வகை. காற்று மூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. பழைய கன்களில் பெயின்டில் பெரும்பகுதி புகையாகப் பறந்து வீணாகும். பறப்பதைக் குறைக்க, பெயின்டில் குறைந்தது 65 விழுக்காடாவது பரப்பில் சேரவேண்டும் என்று தென் கலிபோர்னியாவின் காற்றுத்தர விதிகள் வற்புறுத்தியதே இந்த வகை பரவக் காரணம். எமல்ஷனுக்கு இதில் ஓர் இயற்கையான தடை இருக்கிறது: குறைந்த அழுத்தத்தால் கெட்டியான திரவத்தைச் சிறு துளிகளாக உடைக்க முடியாது. எனவே 1.8 முதல் 2.5 மி.மீ. வரையான அகன்ற நாசில், காற்றைத் தள்ளும் நான்கைந்து அடுக்கு டர்பைன், நீர் சேர்த்து இளக்கிய பெயின்ட் மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல தோல் வரும். கைப்பிடியிலேயே மோட்டார் வைத்த மலிவான கன்கள் வேலிக்கும் தோட்டக் கொட்டகைக்கும் போதும். அலமாரிக்கு அவற்றின் துளி பெரிது. டர்பைன் காற்று சூடாக வரும் என்பதையும் மறக்கக்கூடாது. நெடுநேரம் ஓடினால் அந்தச் சூடே துளியை வழியில் உலர்த்தும். குழாயை நீளமாக வைத்துக்கொள்வது ஓரளவு தணிக்கும்.

கம்ப்ரஸரோடு இணைக்கும் எச்.வி.எல்.பி. கன்னும் உண்டு. நிமிடத்துக்குப் பத்துக் கன அடிக்கு மேல் காற்றை விழுங்கும் இவற்றுக்கு வீட்டில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஈடுகொடுக்காது. தொடக்கத்தில் நன்றாகத் தெளித்து, அரைக் கதவில் அழுத்தம் விழுந்து துளி பெருத்துவிடும். காற்றோடு வரும் எண்ணெயையும் நீரையும் பிடிக்க வடிகட்டி இல்லையென்றால் படலத்தில் வட்டக் குழிகள் நிச்சயம்.

இரண்டாவது குடும்பம் ஏர்லெஸ். இதில் காற்று இல்லை. பிஸ்டன் பெயின்டையே 1,000 முதல் 3,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தி, மயிரிழைத் துளை வழியாகத் தள்ளுகிறது. எமல்ஷனை அதிகம் இளக்காமலே அடிக்கலாம் என்பது இதன் பெரிய பலம். எல்லாம் டிப் எனப்படும் முனையில் இருக்கிறது. 517 என்று பொறித்திருந்தால் முதல் இலக்கத்தை இரட்டித்து, ஓரடி தூரத்தில் 10 அங்குல அகல விசிறி என்று படிக்கவேண்டும். பின்னிரு இலக்கங்கள் துளை அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு என்று சொல்கின்றன. சுவருக்கு அது சரி. கதவுக்கும் அலமாரிக்கும் 210, 310, 312 போன்ற சிறிய முனைகள், அதுவும் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும்படி வடிவமைத்த நயமுனைகள் வேண்டும். கருவியோடு பெட்டியில் வரும் 515ஐ அப்படியே அலமாரியில் அடித்துவிட்டு ஏர்லெஸ் சரியில்லை என்பவர்கள் பலர். அழுத்தத்தை உச்சத்தில் வைப்பதும் பொதுவான தவறு. விசிறியின் இரு ஓரங்களிலும் விரல்போல் நீளும் கோடுகள் மறையும் அளவுக்கு மட்டும் கூட்டி, அங்கேயே நிறுத்தவேண்டும். அதற்கு மேல் கூட்டினால் புகையும் நுண்குமிழும்தான் மிச்சம். முனை தேயத் தேயத் துளை பெரிதாகி விசிறி குறுகும். பழைய முனையில் ஒழுகல் அதிகரித்தால் பெயின்டைக் குறை சொல்வதற்குமுன் முனையைப் பார்ப்பது நல்லது.

ஏர்லெஸ்ஸின் குறை அதன் வயிறு. 15 மீட்டர் நீளக் கால் அங்குலக் குழாயிலேயே ஏறக்குறைய அரை லிட்டர் பெயின்ட் தங்கும். நான்கு கதவுக்காக இதை எடுப்பவர் பெயின்ட் அடிக்கச் செலவழிப்பதைவிடக் கழுவுவதற்கு அதிக நேரம் செலவழிப்பார்.

நீர் சேர்ப்பதும் வடிகட்டுவதும்

எவ்வளவு நீர் சேர்ப்பது என்பதில்தான் கைக்கணக்கு அதிகம் புழங்குகிறது. டப்பாவின் மேல் போட்டிருக்கும் வரம்பு பெரும்பாலும் லிட்டருக்கு 50 முதல் 100 மி.லி. வரை. ஏர்லெஸ்ஸுக்கு அதுவே போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். எச்.வி.எல்.பி.க்கு அதைத் தாண்டவேண்டி வரலாம். நீர் கூடினால் பிசினும் நிறமியும் அதே பரப்பில் குறையும். மறைப்புத் திறன் விழும், ஒழுகும், பளபளப்பு திட்டுத்திட்டாகும். ஃபோர்டு கோப்பை போன்ற, அடியில் துளையுள்ள ஓர் அளவுக்கோப்பை இந்த ஊகத்தை முடித்துவைக்கிறது. கோப்பையை நிரப்பி, ஒழுக்கு அறும்வரை எத்தனை நொடி என்று எண்ணி, கருவிக்காரர் சொன்ன அளவோடு ஒப்பிட்டால் போதும். நன்றாக வந்த நாளின் நொடியைக் குறித்துவைத்தால் அடுத்த டப்பாவுக்கும் அதே இடத்தைப் பிடிக்கலாம். பெயின்ட் குளிர்ந்திருந்தால் கெட்டியாகத்தான் இருக்கும். குளிர்ப் பிரதேசங்களில் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்தபின் அளந்தால் நீர் குறைவாகவே தேவைப்படும்.

நீருக்குப் பதிலாகவோ நீரோடு சேர்த்தோ ஊற்றப்படும் சேர்மங்கள் வேறு வேலை செய்கின்றன. அமெரிக்கக் கடைகளில் ஃப்ளோட்ரால் என்ற பெயரில் கிடைப்பது போன்றவை நீரைப் பிடித்துவைத்து ஈரநேரத்தை நீட்டுகின்றன. புரொப்பிலீன் கிளைக்காலும் இதே காரணத்துக்காகப் பெயின்டுகளில் சேர்க்கப்படுகிறது. வெறும் நீர் கெட்டியைக் குறைக்கும், ஆனால் நேரத்தைப் பெரிதாக நீட்டாது. வறண்ட சூட்டில் சேர்மத்துக்கும் இதமான நாளில் நீருக்கும் முதலிடம் தருவது நியாயம். இரண்டையும் தாராளமாக ஊற்றினால் படலம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தின்னரையோ டர்பன்டைனையோ எமல்ஷனில் ஊற்றவே கூடாது, பால்போல் திரிந்துவிடும்.

வடிகட்டுதல் சலிப்பான வேலை, தவிர்க்க முடியாததும். மூடியின் விளிம்பில் காய்ந்த செதிள் ஒன்று போதும், நாசில் அடைத்துக்கொள்ளவோ கதவின் நடுவில் பருப்போல் நிற்கவோ. கடையில் விற்கும் கூம்பு வடிகட்டி இல்லாத இடத்தில் மெல்லிய நைலான் காலுறை வேலையைச் செய்யும். ஏர்லெஸ்ஸில் பம்பிலும் கைப்பிடியிலும் தனித்தனிச் சல்லடை உண்டு. சிறிய முனைக்கு 100 மெஷ் அல்லது அதைவிட நெருக்கமானது பொருந்தும்.

பரப்பு

தெளிப்பு எதையும் மறைக்காது. ரோலரின் புள்ளிகளும் பிரஷ்ஷின் கோடுகளும் சிறு குறைகளைக் கண்ணிலிருந்து விலக்கிவிடும். தெளித்த தோலில் அந்தத் திரை இல்லாததால் அடியிலுள்ள கீறல், பட்டி வரம்பு, மரநரம்பு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். பளபளப்பு கூடினால் இன்னும் மோசம். இதனால்தான் தேர்ந்த கைகள் முழுப் பளபளப்பைத் தவிர்த்து சாட்டினையோ அரைப் பளபளப்பையோ பரிந்துரைக்கின்றன.

சமையலறைக் கதவில் கைப்பிடியைச் சுற்றிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை உப்புத்தாள் போடுவதற்குமுன் கழுவவேண்டும். முதலில் தேய்த்தால் பிசுக்கு மரத்துக்குள் இறங்கிவிடும். பழைய பளபளப்பை 180 முதல் 220 எண் உப்புத்தாளால் மங்கலாக்கி, பட்டி நிரப்பி, மீண்டும் தேய்த்துத் தூசியை ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கவேண்டும். மெழுகு கலந்த ஒட்டுத் துணிகள் நீர்ப் பெயின்டுக்கு ஆகாது. அவை விட்டுச்செல்லும் படிவில் பெயின்ட் ஒட்டாமல் விலகும்.

மரத்துக்கு மரம் தொல்லை வேறு. அமெரிக்கச் சமையலறைகளில் நிறைந்திருக்கும் ஓக் மரத்தின் திறந்த நரம்புகளை நிரப்பாமல் வழவழப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதன் டானின் நீர்ப் பெயின்டில் கரைந்து மஞ்சள் கறையாக மேலே வரும். தேக்கின் எண்ணெய்ப்பசையும் பெயின்டைச் சரியாகப் பிடிக்கவிடாது. எம்.டி.எஃப். பலகையின் முகம் சாந்தமானது. அறுத்த விளிம்போ பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். கறைக்குச் சிறந்த தடை ஷெல்லாக் பிரைமர். இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரப்பதைச் சுத்திகரித்துப் பெறும் பிசின்தான் ஷெல்லாக். சாராயத்தில் கரைந்தது என்பதால் விரைவில் உலரும், எளிதில் தீப்பற்றும். அடுப்பின் திரி எரியும் சமையலறையில் அதைத் தெளிக்கக்கூடாது.

எந்தப் பிரைமரானாலும் அது உலர்ந்தபின் 220 அல்லது 320 எண் தாளால் தேய்க்கும் கட்டம்தான் முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது. நிறக் கோட்டில் திருத்த வேண்டியவற்றைப் பிரைமரில் திருத்துவது பாதி உழைப்பு. 1978க்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் பழைய பெயின்டைத் தேய்ப்பதற்குமுன் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு அங்கு தடை வந்த ஆண்டு அது. இந்தியாவில் 90 பி.பி.எம். என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே இங்கே பழைய எனாமல் கதவுகள் அனைத்தையும் ஐயத்தோடு அணுகுவதே முறை; உலர்தாளை விட்டு நீர்த்தாளால் ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது.

வானிலையும் இடமும்

டப்பாக்கள் பெரும்பாலும் 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை என்று சொல்லும். வழவழப்புக்கு உகந்தது அதன் நடுப்பகுதி, 20 முதல் 25. சென்னையின் மே மாதப் பிற்பகலில் வெயில் பட்ட கதவு காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும்; அதில் விழும் துளிக்குச் சமப்பட நேரமே இல்லை. அதிகாலையில் நிழலான இடத்தில் அடிப்பதும் முந்தைய இரவே கதவையும் டப்பாவையும் அதே அறையில் வைப்பதும் எளிய தீர்வு. மழைக்காலப் புழுக்கம் சமப்படுவதற்கு நல்லது, ஒழுகுவதற்கும் நல்லது. அப்போது கோட்டை மெல்லியதாக்கி இடைவெளியை நீட்டவேண்டும். குளிர்கால அமெரிக்க வீட்டில் ஹீட்டர் ஓடும் கராஜ் வேறு பொறி: வெப்பநிலை சரியாகத் தெரியும், காற்று எலும்புவரை வறண்டிருக்கும்.

தெளிக்கும்போதும் அதன்பின் பத்துப் பதினைந்து நிமிடங்களும் மின்விசிறியை நிறுத்திவைக்கவேண்டும். ஈரப் படலத்தின் மேல் ஓடும் காற்று நீரைப் பிடுங்கும், தூசியைக் கொண்டுவந்து போடும். தரையில் சிறிது நீர் தெளித்துவைத்தால் தூசி அடங்கும், ஈரப்பதமும் ஏறும்.

கை

கன்னைப் பரப்புக்குச் செங்குத்தாக, ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் நகர்த்தவேண்டும் என்பதை எல்லாக் கையேடுகளும் சொல்லும். மணிக்கட்டை ஊன்றி வளைத்து வீசுவதுதான் மனிதக் கையின் இயல்பு. வளைவின் நடுவில் தடிப்பாகவும் இரு முனைகளில் மெல்லியதாகவும் விழும். மெல்லிய இடம் கரடாகும், தடித்த இடம் ஒழுகும். தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்தப் பழகினால் இரண்டு குறைகளும் ஒன்றாக நீங்கும். தூரம் எச்.வி.எல்.பி.க்கு 15 முதல் 20 செ.மீ., ஏர்லெஸ்ஸுக்கு 25 முதல் 30 செ.மீ. கதவின் ஓரத்துக்கு வெளியே விசையை அழுத்தி, மறு ஓரத்துக்கு வெளியே விடவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடவேண்டும். விளிம்புகளை முதலில், குழிந்த பகுதிகளைப் பிறகு, பரந்த முகத்தைக் கடைசியில் என்ற வரிசை, முகத்தின் மேல் காய்ந்த புகை படியாமல் காக்கும்.

ஒரு கோட்டின் ஈரத் தடிமன் 75 முதல் 125 மைக்ரான் வரை இருந்தால் நிற்கும் பரப்பில் சமப்படுதலும் ஒழுகுதலும் ஓரளவு சமரசத்தில் இருக்கும். பல்வரிசை கொண்ட தகட்டு அளவி ஒன்றை ஈரப் பெயின்டில் அழுத்தினால் உடனே தெரிந்துவிடும். மிக மலிவான இந்தத் தகடு வீட்டுக்காரர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது என்பது வியப்பு. எமல்ஷனில் திடப்பொருள் கனஅளவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், காய்ந்தபின் நிற்பது 25 முதல் 40 மைக்ரான். இரண்டு அல்லது மூன்று கோட் அடிக்கவேண்டியிருப்பது இதனால்தான். “மெல்லிய கோட்டாக அடி” என்ற வழக்கமான அறிவுரையை அளவுக்கு மீறிக் கடைப்பிடிப்பவர்களுக்கு ஒழுகல் வராது, ஆனால் தோல் கரடாகும். மெல்லியது என்பதற்கும் போதாதது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடித்த இடம் சாய்வெளிச்சத்தில் முழு ஈரமாக மின்னவேண்டும். முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பார்த்து, துளி, விசிறி, ஈரம் மூன்றையும் சரிசெய்த பிறகே கதவுக்குப் போவது வழக்கமாகவேண்டும்.

குறைகளைப் படிப்பது

ஆரஞ்சுத் தோல் என்ற மேடுபள்ளத்துக்குக் காரணம் பெரிய துளி அல்லது குறைந்த ஈரநேரம். இரண்டில் எது என்று அட்டையிலேயே கண்டுபிடிக்கலாம். விழுந்த உடனே துளிகள் பெரிதாகத் தெரிந்தால் பெயின்ட் கெட்டி அல்லது காற்று போதாது. சிறிதாக விழுந்தும் பரவாமல் நின்றால் சூடோ வறட்சியோ தடிமன் குறைவோ காரணம். தடவினால் மணல்போல் நெருடுவது காய்ந்து விழுந்த துளி. கன்னை நெருக்கிப் பிடிப்பதே முதல் மருந்து. வட்டக் குழிகள், பெயின்டர்கள் மீன்கண் என்பவை, சிலிக்கோன் அல்லது எண்ணெய் மாசினால் வருபவை. அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்க முயன்றால் குழி ஆழமாகும். கழுவி, தடைப் பிரைமர் அடித்து மீண்டும் தொடங்கவேண்டும். ஊசித்துளைகள் நுண்குமிழ் உடைந்த இடங்கள். டிரில்லில் கலக்கிய பெயின்டை உடனே அடித்தாலும் ஏர்லெஸ் அழுத்தம் கூடினாலும் வரும்.

ஒழுகலை ஈரத்தில் விரலால் தொட்டுச் சரிசெய்ய நினைப்பது இன்னொரு பழக்கம். கட்டியான துளியைப் பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுக்கலாம், அவ்வளவே. மற்றதை முழுவதும் காயவிட்டுத் தட்டையான கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்து, மேல் கோட் அடிப்பதுதான் பாதுகாப்பு. எமல்ஷன் வெளியே காய்ந்து உள்ளே மென்மையாக இருக்கும்போது தேய்த்தால் சுருள்சுருளாக உருண்டு வரும். தூளாக உதிர்ந்தால்தான் தேய்க்கும் பதம்.

கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். முழு உறுதிக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் கதவைச் சட்டத்தோடு அழுத்தி மூடினால் இரண்டு படலங்களும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்யும். உருண்டைகள் எளிதில் கலக்கும்படி மென்மையான பிசின் வைத்தால் ஒட்டும். ஒட்டாதபடி கடினமாக்கினால் படலம் உருவாவது சிரமமாகும். பிசின் தயாரிப்பவர்கள் இந்த இழுபறியில்தான் இருக்கிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது பொறுத்திருப்பதும் சட்டத்தில் சிறு ரப்பர் புள்ளிகள் ஒட்டிவைப்பதுமே.

எங்கே தெளிக்கவேண்டாம்

குடியிருக்கும் வீட்டின் ஓர் அறைச் சுவருக்குத் தெளிப்பு பெரும்பாலும் நட்டம். தரை, சன்னல், சுவிட்ச், மரச்சாமான் எல்லாவற்றையும் மூடி ஒட்டும் நேரத்தில் ரோலர் இரண்டு கோட்டை முடித்துவிடும். பின்னாளில் ஒரு கறையை மறைக்க ரோலரால் தொட்டால் தெளித்த சுவரில் அந்த இடம் தனியாகத் தெரியும். அமெரிக்காவில் புது வீட்டுச் சுவரைத் தெளித்த கையோடு ரோலரை ஓட்டுவது வழக்கம். பெயின்ட் பரப்புக்குள் அழுந்துவதோடு பிற்காலத் தொடுப்புக்கும் அது வழிவிடுகிறது. வெறும் தெளிப்பால் கண்ணாடிபோன்ற சுவர் வேண்டுமென்றால் சுவர் முழுவதும் பட்டி இழுத்து வழித்திருக்கவேண்டும். கம்பி கிரில்லில் விசிறியின் பெரும்பகுதி இடைவெளி வழியே போய்விடும். வெறும் இரும்பில் நீர்ப் பெயின்ட் உடனடித் துருவையும் எழுப்பும். பிரஷ்ஷே அங்கு தகும். தெளிப்பு தன் செலவை மீட்டுத் தருவது கழற்றக்கூடிய அலமாரிக் கதவுகள், லூவர் பலகைகள், செதுக்கல் வேலை உள்ள கதவுகள் ஆகியவற்றில். ஓரிரண்டு கதவுதான் என்றால் நெருக்கமான ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்டி, நல்ல பிரஷ்ஷின் நுனியால் ஒருமுறை வருடிவிட்டால் கிடைக்கும் தோல் பெரும்பாலான கண்களுக்குப் போதும்.

பாதுகாப்பும் கழுவலும்

நீர்ப் பெயின்ட் என்பதால் மூச்சுக்குத் தீங்கில்லை என்று எண்ணக்கூடாது. தெளிப்பில் நிறமியும் சிலிக்காவும் பிசினும் நுண்துகளாக மிதக்கின்றன. குறைந்தது என்95 தரமுள்ள முகமூடி வேண்டும். ஐசோசயனேட் கடினப்பான் கலக்கும் இருபகுதிப் பெயின்டுகளை வீட்டில் தெளிக்கவே வேண்டாம். ஏர்லெஸ்ஸின் ஆபத்து வேறு ரகம். பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் குத்தூசித் துளை அளவுக்குத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவு. உள்ளே திசு அழுகத் தொடங்கினால் விரலையே இழக்க நேரும். அடைத்த முனையை விரலால் தொடக்கூடாது. தொடுவதற்குமுன் அழுத்தத்தை இறக்கி, விசையைப் பூட்டவேண்டும். குத்திவிட்டால் உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் பெயின்ட் ஏறியது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். பெயின்ட் டப்பாவையும் எடுத்துச் செல்வது உதவும்.

வேலை முடிந்ததும் கழுவுவதைத் தள்ளிப்போட்டால் நாசிலுக்குள் எமல்ஷன் படலமாகிவிடும். ஒருமுறை படலமானது மறுபடி நீரில் கரையாது. முதலில் வெறும் நீர், பிறகு சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர், மீண்டும் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட்டு, நாசில், ஊசி, காற்று மூடி மூன்றையும் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளையின் வட்டம் சிதைந்து, விசிறி ஒரு பக்கம் சாயும். ஏர்லெஸ் பம்பில் நீரை விட்டுவைத்தால் துருப்பிடிக்கும். பம்புக்கென விற்கும் காப்புத் திரவத்தையோ மினரல் டர்பன்டைனையோ உள்ளே நிரப்பி வைக்கவேண்டும். மினரல் டர்பன்டைன் நிரப்பியிருந்தால் அடுத்தமுறை பெயின்ட் ஊற்றுவதற்குமுன் சோப்பு நீர் விட்டு, அதன்பின் நல்ல நீரும் விட்டு அதை முழுவதும் வெளியேற்றிவிடவேண்டும்.